அடுப்படிச் சிநேகிதர்கள்

சென்ற வாரம் என் பேரன் மாடிப்படியில் இடறி விழுந்து, முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு அழுதபடி வந்து நின்றபோது, மருந்து அலமாரியின் அடித்தட்டில் வெகுகாலமாகக் கிடந்த டிங்சர் அயோடின் சீசாவைத் தேடி எடுத்தேன். இக்காலத்துக் குழந்தைகளுக்கு எரியாத களிம்புகள் வந்துவிட்டன. மருமகள் அப்படி ஒன்றைக் கொண்டுவந்து பூசிவிட்டாள். ஆனால் நான் திறந்துவிட்ட சீசாவின் நெடி அதற்குள் அறை முழுவதும் பரவிவிட்டது. காரமும் உலோக வாடையும் கலந்த அந்த நெடி மூக்கில் ஏறிய மாத்திரத்தில், நேபாள தேசத்தில் மர்ஸ்யாங்டி நதியின் கரையில், கை விறைக்கும் குளிரில், தண்ணீர்க் குப்பிக்குள் இதே மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, அரைமணி நேரம் பொறுத்துக் குடித்த நாட்கள் நினைவில் எழுந்தன. அந்தக் குப்பியை என்னோடு பகிர்ந்துகொண்ட மனிதர்களின் முகங்களும் கூடவே எழுந்தன.

அப்போது எனக்கு முப்பது வயதைத் தாண்டியிருந்தது. சென்னையில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும் உத்தியோகம். அந்தச் சம்பளத்தில் வெளிதேசப் பிரயாணம் என்பது சொப்பனத்திலும் நினைக்கத்தக்கதன்று. ஆயினும், பாஸ்போர்ட்டும் விசாவும் கேளாமல் இந்தியனை உள்ளே விடும் அந்நிய தேசம் ஒன்று வடக்கே இருக்கிறதென்றும், நம் நூறு ரூபாயை அங்கே நூற்றறுபது ரூபாயாக மாற்றித் தருகிறார்களென்றும், அன்னபூர்ணா மலைக்கூட்டத்தைச் சுற்றிவரும் நடைபாதை ஒன்று 1977-ஆம் ஆண்டிலிருந்து அந்நியர்களுக்குத் திறந்துவிடப்பட்டிருக்கிறதென்றும், எங்கள் அச்சகத்துக்கு வரும் எழுத்தாளர் ஒருவர் சொல்லக் கேட்ட நாள்முதல், எனக்கு வேறு சிந்தனை இல்லாமற்போயிற்று. கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் சேர்த்தேன். சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு முதுகுப்பையில் இரண்டு கம்பளிச் சட்டைகளும், வீட்டில் அரைத்த பருப்புப் பொடியும், ஒரு பாட்டில் எலுமிச்சை ஊறுகாயும் வைத்துக்கொண்டு, கோரக்பூர் வரை ரயிலிலும், சோனௌலி எல்லையைக் கால்நடையாகக் கடந்து அப்பால் பஸ்ஸிலுமாகச் சென்று, பெசிசஹர் என்னும் சிற்றூரில் இறங்கினேன். அந்நாளில் வண்டிப் பாதை அவ்வூரோடு முடிந்துவிடும். அதற்கு மேல் மனிதனும் கோவேறு கழுதையும் தவிர வேறு வாகனம் கிடையாது.

அந்தப் பாதை நெல்வயல்களின் நடுவே தொடங்குகிறது. நதியை இப்புறமும் அப்புறமுமாகத் தொங்குபாலங்களில் கடந்து, அருவிகளின் சாரலில் நனைந்து, பைன் மரக் காடுகளில் ஏறி, நம் தொட்டபெட்டாவின் 2,637 மீட்டர் உயரத்தைச் சாமே என்னும் ஊருக்கருகில் எட்டிப் பிடித்து, அங்கிருந்து மேன்மேலும் உயர்ந்து, மரங்களெல்லாம் பின்தங்கிவிட்ட வெற்றுப் பிரதேசத்தில், 5,416 மீட்டர் உயரத்திலுள்ள தோரோங் கணவாயைத் தாண்டி, காளிகண்டகி நதியின் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. வழிநெடுக, நெற்றியில் மாட்டிய 'நாம்லோ' என்னும் பட்டையில் பாரத்தைத் தாங்கி, முதுகில் 'டோகோ' என்னும் மூங்கிற்கூடையைச் சுமந்துகொண்டு, அரிசியும் மண்ணெண்ணெயும் தகரத் தகடுகளும் ஏற்றிச் செல்லும் சுமையாட்கள் எதிர்ப்படுவார்கள். அவர்கள் பாரத்தை இறக்கி இளைப்பாறுவதற்காக, ஏற்றம் முடியும் இடங்களிலெல்லாம் அரசும் ஆலும் நட்டு, அவற்றைச் சுற்றிக் கல்மேடை கட்டியிருக்கிறார்கள். 'சௌதாரா' என்பது அதன் பெயர். இறந்துபோன உறவினரின் ஞாபகமாகக் கட்டப்பட்டவை அவற்றுள் பல என்று அறிந்தபோது, பிள்ளைத்தாய்ச்சியாக இறந்த பெண்ணின் நினைவாக நம் சாலையோரங்களில் நாட்டப்படும் சுமைதாங்கிக் கற்களே என் கண்முன் நின்றன. ஆயிரம் மைலுக்கு மேற்பட்ட தூரத்தில் இருக்கும் இரண்டு ஜனசமூகங்கள், துக்கத்தை இப்படி வழிப்போக்கனுடைய தோளின் இளைப்பாறலாக மாற்றிவைத்திருக்கின்றன என்பதை எண்ணி நான் அந்த மேடையொன்றில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இங்கே விடுதி வழக்கத்தைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். அந்நாளில் அப்பாதையிலுள்ள விடுதிகளில் படுக்கைக்கு வாங்கும் கூலி மிகமிக அற்பம். அந்த விடுதியிலேயே இரவும் காலையும் சாப்பிடவேண்டும் என்பதே நிபந்தனை. பலகைச் சுவரும், மெல்லிய மெத்தை விரித்த கட்டிலுமாக அறைகள் இருக்கும். அவற்றில் விளக்கும் இல்லை, கணப்பும் இல்லை. ஆகையால் சூரியன் மலைக்குப் பின்னே மறைந்து குளிர் இறங்கியதும், கையில் காசு குறைந்த யாத்திரிகர்கள் யாவரும், எந்த தேசத்தவராயிருப்பினும், விடுதியை நடத்தும் 'தீதி'யின், அதாவது அக்காவின், அடுப்படியைச் சுற்றித்தான் குழுமியாகவேண்டும். கூடாரங்களோடும் சமையற்காரர்களோடும் வரும் பெரிய குழுவினர் வெளியே தனியாகத் தங்குவார்கள். அவர்களுக்கு எல்லாச் சௌகரியமும் உண்டு; இந்த அடுப்படி ஒன்றுதான் இல்லை. வெங்காயம் உரிப்பவர் ஒருவர், தாளித்த பருப்பின் வாசனையை முகர்ந்து எங்கோ இருக்கும் தம் தாயைப் பற்றிப் பேசுபவர் ஒருவர், கொப்புளம் கண்ட பாதத்தை நீட்டிக்கொண்டு ஊசியும் நூலும் கேட்பவர் ஒருவர் என்று அங்கே மலர்ந்த சிநேகங்களுக்கு வேறு காரணமே கிடையாது. பணம் இருந்திருந்தால் நானும் கூடாரத்துக்குள் படுத்திருப்பேன். எனக்கு யாரையும் தெரிந்திராது.

அந்த அடுப்படி ஒன்றில்தான் ஹாலந்து தேசத்துத் தாதி அம்மையாரைச் சந்தித்தேன். என்னைவிடச் சில வயது மூத்தவர். ஆஸ்பத்திரியில் இரவுப் பணி பார்த்துச் சேர்த்த பணத்தில் தனியாகப் பிரயாணம் வந்தவர். நான் ஓடைத்தண்ணீரைக் குப்பியில் பிடித்து வாய்க்குக் கொண்டுபோன சமயத்தில், ஒரு வார்த்தையும் பேசாமல் என் கையிலிருந்து குப்பியை வாங்கி, தம் சீசாவிலிருந்து அயோடினைச் சொட்டுக் கணக்கில் விட்டு, கைக்கடிகாரத்தைச் சுட்டிக்காட்டிவிட்டுத் திரும்பக் கொடுத்தார். அரைமணி ஆனபிறகு, அந்த வாடை போவதற்காக வைட்டமின் சி பொடியில் ஒரு சிட்டிகை கலந்தார். அதுதான் எங்கள் அறிமுகம். அன்றிரவு நான் என் பருப்புப் பொடியைத் தட்டில் குவித்து, நடுவே குழித்து, தீதியிடம் கேட்டு வாங்கிய கடுகெண்ணெயை அதில் விட்டுக் குழைத்து அவருக்குக் கொடுத்தேன். கண்ணில் நீர் வழிய வழிய அவர் அதைச் சாப்பிட்டு, மறுபடியும் கேட்டார். மறுநாள் முதல் இருவரும் சேர்ந்தே நடந்தோம். தண்ணீர் அவர் பொறுப்பு, ஊறுகாய் என் பொறுப்பு என்று ஆயிற்று.

மேல் பிசாங் என்னும் கிராமத்தில் எங்களோடு மூன்றாமவர் சேர்ந்தார். ஜப்பானில் பூகோள ஆசிரியராயிருந்து ஓய்வுபெற்றவர். அறுபது வயதுக்கு மேலானவர். பேச்சு மிகவும் குறைவு. நான் எந்த ஊர் என்று கேட்டார். 'மதராஸ்' என்றேன். அவர் சற்று யோசித்து, பின் முகமெல்லாம் மலர, 'அடையாறு!' என்றார். மூவாயிரத்து முந்நூறு மீட்டர் உயரத்தில், எதிரே அன்னபூர்ணாவின் பனிச்சிகரங்கள் அந்திவெயிலில் சிவந்துகொண்டிருக்க, நான் தினந்தோறும் பஸ்ஸில் கடந்துபோகும் பேட்டையின் பெயரை ஒரு ஜப்பானியர் வாயால் கேட்ட ஆச்சரியத்தை எப்படி வர்ணிப்பது! காரணத்தை அவரே விளக்கினார். எகாய் கவாகுச்சி என்ற ஜப்பானியப் பௌத்த பிக்ஷு, மூல நூல்களின் திபெத்திய மொழிபெயர்ப்புகளைத் தேடி, அந்நியருக்கு அடைபட்டிருந்த திபெத்துக்குள் புக விரும்பி, இந்தப் பிரதேசத்துக்கு வந்தார்; காளிகண்டகிக் கரையிலுள்ள மார்ஃபா கிராமத்தில் 1900-ஆம் ஆண்டில் சில மாதங்கள் தங்கினார்; பின் சீனத் துறவி என்று சொல்லிக்கொண்டு, யாரும் போகாத கணவாய் வழியே தன்னந்தனியாகத் திபெத்துக்குள் சென்றார். 'திபெத்தில் மூன்று ஆண்டுகள்' என்று அந்த யாத்திரையை அவர் விவரித்த நூலின் ஆங்கிலப் பதிப்பு, அன்னி பெசன்ட் அம்மையாரின் சிநேகத்தால், 1909-ல் அடையாறு பிரம்மஞான சபையின் வெளியீடாக வந்தது. எங்கள் ஆசிரியர் வாலிபத்திலேயே அந்த நூலைப் படித்துவிட்டு, ஓய்வுபெற்ற பிறகாவது மார்ஃபாவைப் பார்ப்பதென்று விரதம்போல வைத்திருந்தாராம். அந்தப் பிக்ஷு திபெத்துப் பிரயாணத்துக்குத் தேகத்தைத் தயார் செய்வதற்காக, முதுகில் கற்களைக் கட்டிச் சுமந்துகொண்டு மலையேறிப் பழகினார் என்பதையும் அன்றிரவு சொன்னார். இதைச் சொல்லும்போது அவர் தம் முதுகை நிமிர்த்திக்கொண்ட விதம் எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது.

மனாங் கிராமத்தை அடைந்தோம். 3,540 மீட்டர் உயரம். 1950-ல், எட்டாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட சிகரமொன்றில் முதன்முதலாக மனிதன் கால்வைத்த அந்த வருஷத்தில், அன்னபூர்ணாவுக்கு வழி தேடிவந்த பிரெஞ்சுக்காரர் மோரீஸ் ஹெர்ஸோக், இந்தக் கிராமத்துக்கு வந்து உணவு வாங்க முயன்று, ஒன்றும் கிடைக்காமல் பசியோடு திரும்பினார் என்பது சரித்திரம். நாங்கள் சென்ற காலத்தில் அங்கே ஆப்பிள் பணியாரமும் சுடச்சுட ரொட்டியும் கிடைத்தன. எங்கள் விடுதிக்காரத் தீதியின் மாமனார், கம்பளிப் போர்வைக்குள் உட்கார்ந்து மணிமாலை உருட்டிக்கொண்டிருந்தவர், நான் எந்த தேசம் என்பதைக் கேட்டறிந்து, கண்களைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, 'ஒண்ணு, ரெண்டு, மூணு' என்று ஆரம்பித்துப் பத்துவரை தடையின்றிச் சொல்லி முடித்தார்! மனாங் வாசிகளுக்கு நேபாள அரசர்கள் வியாபாரச் சலுகைகள் அளித்திருந்தபடியால், அவர்கள் பல தலைமுறைகளாகக் கீழ்த்திசை நாடுகளுக்கெல்லாம் வாணிபம் செய்யப் போய்வந்தார்கள். இந்தக் கிழவர் தம் வாலிபத்தில் பினாங்கில் தமிழர் கடைவீதியில் மருந்துவேரும் கஸ்தூரியும் விற்று, அங்கே எண்ணக் கற்றுக்கொண்டவர். இட்டிலியைப் பற்றியும் விசாரித்தார். பனிமலையின் அடிவாரத்தில் அமர்ந்து, உளுந்து ஊறப்போடும் பக்குவத்தை அந்தக் கிழவருக்கு, ராஷ்டிரபாஷா பரீக்ஷைக்குப் படித்த என் ஹிந்தியில், நான் விளக்கிக்கொண்டிருந்தேன். ஜப்பானிய ஆசிரியரும் டச்சு அம்மையாரும் ஒன்றும் விளங்காமலே எங்களோடு சேர்ந்து மகிழ்ந்துகொண்டிருந்தார்கள்.

மனாங்கில் இமாலய மீட்புச் சங்கத்தின் வைத்திய நிலையம் ஒன்று உண்டு. அங்கே வெளிநாட்டு வைத்தியர்கள் பருவத்துக்குப் பருவம் வந்து தங்கி, தினமும் பிற்பகல் மூன்று மணிக்கு, மலைநோயைப் பற்றி யாத்திரிகர்களுக்கு வகுப்பு எடுப்பார்கள். உயரம் ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் பிராணவாயு குறைகிறது. அதற்குத் தேகம் பழகச் சில நாட்கள் வேண்டும். மூவாயிரம் மீட்டருக்கு மேலே போய்விட்டால், ஒவ்வொரு நாளும் படுக்கும் இடத்தின் உயரத்தைச் சில நூறு மீட்டருக்கு மேல் கூட்டலாகாது. தலைவலியோடு மேலே ஏறுகிறவன் மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்து ஒரே இரவில் மாண்டுபோகக்கூடும். இதற்கு நிச்சயமான சிகிச்சை கீழே இறங்குவது ஒன்றுதான். இவ்வளவும் அங்கே கேட்டோம். கூடாரக் குழுவினரும் கேட்டார்கள். அவர்களுடைய மூட்டைகளைச் சுமந்த ஆட்கள் மட்டும் வெளியே மதிற்சுவரின்மேல் உட்கார்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். வகுப்பு இங்கிலீஷில் நடந்தது. மலைநாட்டில் பிறந்தவர்களுக்கு மலைநோய் வராது என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். உண்மையில் அந்தச் சுமையாட்களில் அநேகர், நெல் விளையும் தாழ்ந்த குன்றுகளிலிருந்து கூலிக்கு வந்த வாலிபர்கள்; உயரத்துக்கு நம்மைப்போலவே புதியவர்கள்.

இரண்டு நாள் நடைக்குப் பின், கணவாயின் அடிவாரமான தோரோங் பேடியில், 4,450 மீட்டர் உயரத்தில், இந்த உண்மை எங்கள் கண்முன்னே வந்து நின்றது. சூரியன் மறையும் வேளை. சாப்பாட்டு அறையின் மூலையில், கால்களில் கிழிந்த கான்வாஸ் செருப்பும், மேலே ஒரு மெல்லிய சட்டையுமாக, இருபது வயதுகூட நிரம்பாத ஒரு பையன் சுவரில் சாய்ந்து முனகிக்கொண்டிருந்தான். அவன் சுமை தூக்கிவந்த குழு அன்று விடியலிலேயே வேறொருவனை அமர்த்திக்கொண்டு, இவனுக்குக் கூலியைக் கணக்குத் தீர்த்துவிட்டு, கணவாயைத் தாண்டிப் போய்விட்டது. தாதி அம்மையார் அவன் எதிரில் மண்டியிட்டு நாடி பார்த்தார். அவனை எழுப்பி, ஒரு பாதத்தின் குதிகாலை மற்றொரு பாதத்தின் விரல்நுனியோடு ஒட்டிவைத்து நேர்கோட்டில் நடக்கும்படி சைகை காட்டினார். அவன் இரண்டு அடி வைத்தான்; மூன்றாவது அடியில் பக்கவாட்டில் சாய்ந்து என்மேல் விழுந்தான். 'விடியும்வரை காத்திருக்கக்கூடாது' என்று அம்மையார் சொன்னார். அவர் குரலில் சந்தேகத்தின் நிழல்கூட இல்லை.

மேலே போக வந்தவர்கள் இருட்டில் கீழே இறங்கத் தொடங்கினோம். விடுதிக்காரர் ஒரு கம்பளியும் ஒரு லாந்தரும் கொடுத்து, தம் தம்பியையும் துணைக்கு அனுப்பினார். அம்மையார் தம்மிடமிருந்த மலைநோய்க்கான டயமாக்ஸ் மாத்திரை ஒன்றை அவனுக்குக் கொடுத்தார். பையனை நானும் அந்தத் தம்பியும் இருபுறமும் தாங்கிக்கொண்டோம். அம்மையார் முன்னே டார்ச் அடித்துப் பாதை காட்டினார். அந்தப் பையனுக்கிருந்த சொத்தெல்லாம் அவனுடைய டோகோதான். அதை விட்டுவிட்டு வர அவன் மறுத்தான். ஜப்பானிய ஆசிரியர் ஒன்றும் சொல்லாமல் அக்கூடையைத் தூக்கி, நாம்லோவைத் தம் நெற்றியில் மாட்டிக்கொண்டு, எங்கள் பின்னே நடந்து வந்தார். அந்தச் சரிவுகளில் இரவிலும் கல் உருளும். எங்கோ மேலே ஒரு கல் புரளும் சத்தம் கேட்டால், எல்லோரும் மூச்சை அடக்கி நின்று, அது நதியில் விழுந்த சத்தம் கேட்டபிறகே அடுத்த அடி வைப்போம். பாலத்தைக் கடந்தோம். லெதரில் கதவைத் தட்டி வெந்நீர் வாங்கிக் குடித்துவிட்டு மேலும் இறங்கினோம். யாக் கர்க்காவை அடைந்து, அவனைக் கணப்பின் அருகில் படுக்கவைத்து, மூவரும் முறைவைத்துக் கண்விழித்தோம். விடியற்காலையில் அவன் கண்ணைத் திறந்து, என்னைப் பார்த்து, 'தாஜு, பசிக்கிறது' என்றான். அண்ணா என்று என்னை அழைக்க எனக்கு வேறு தம்பி கிடையாது. அன்று ஒரு குதிரையை வாடகைக்கு எடுத்து மனாங்கின் வைத்திய நிலையத்தில் அவனைக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். குதிரைக் கூலியை மூவரும் பங்கிட்டுக்கொண்டபின், என் பையில் மிச்சமிருந்த பணத்துக்கு இனிமேல் ஒருவேளைதான் பருப்புச் சோறு என்று ஆயிற்று. டச்சு அம்மையார் இதை எப்படியோ கண்டுகொண்டு, அதற்குப் பிறகு ஒவ்வொரு இரவும் தமக்குப் பசியில்லை என்று தம் தட்டில் பாதியை எனக்குத் தள்ளிவிடலானார்.

மறுபடியும் ஏறினோம். கணவாயில் பத்து மணிக்கெல்லாம் காற்று எழுந்துவிடும் என்பதால் நள்ளிரவு கழிந்து சிறிது நேரத்திலேயே புறப்படுவது வழக்கம். பனியில் எங்கள் காலடி ஓசையைத் தவிர வேறு ஓசை இல்லை. உச்சியில் கற்குவியலும், மந்திரக்கொடிகளும், ஒரு தேநீர்க் கடையும் இருந்தன. அதைப்பற்றி அதிகம் எழுதுவதற்கில்லை. மூச்சுவிடுவதே பெரும் காரியமாயிருந்த இடத்தில் பார்த்ததை ரசிக்கும் சக்தி எங்களுக்கில்லை. ஆயிரத்து அறுநூறு மீட்டர் இறங்கி முக்திநாத்தை அடைந்தபோதுதான் உயிர் வந்தது.

முக்திநாத், வைணவர்கள் நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்றாகப் போற்றும் திருச்சாளக்கிராமம். பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய க்ஷேத்திரம். என் பாட்டி பித்தளைச் சம்புடத்தில் சாளக்கிராமம் வைத்துப் பூஜித்தவள். இந்த ஸ்தலத்தின் பெயரை அவள் சொல்லிச் சொல்லி நான் வளர்ந்தேன். கோயிலின் பின்புறத்தில், அரைவட்டச் சுவரில், தலைக்கு மேலே நூற்றெட்டு ரிஷபமுகத் தாரைகளிலிருந்து பனியுருகிய நீர் சதா விழுந்துகொண்டிருக்கிறது. ஒன்று விடாமல் எல்லாத் தாரைகளின் கீழும் ஓடி நனையவேண்டும். நான் சட்டையைக் கழற்றிவிட்டு ஓடினேன். திரும்பிப் பார்த்தால், அம்மையாரும் ஆசிரியரும் உடுத்த உடையோடு என் பின்னால் ஓடிவந்துகொண்டிருந்தார்கள்! மூவரும் நடுங்கி, சிரித்து, பல் கிட்டிப்போய், ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டு சந்நிதியில் நின்றோம். அங்கே பூஜைக்குப் பௌத்த பிக்ஷுணிகளும் துணைநிற்கிறார்கள். நாம் நாராயணனென்று தொழும் மூர்த்தியையே அவர்கள் அவலோகிதேசுவரராகத் தொழுகிறார்கள். ஆசிரியர் தம் நாட்டில் அதே போதிசத்துவரைக் கன்னோன் என்று வணங்குகிறவர். தலைதாழ்த்தி நெடுநேரம் நின்றார். வெளியே வந்து, காளிகண்டகியின் கறுத்த கற்படுகையில் நடக்கும்போது, ஆற்றுக் கல்லொன்றை எடுத்து அவர் மற்றொன்றின்மேல் தட்டினார். அது இரண்டாகப் பிளந்து, உள்ளே சக்கரமாகச் சுருண்ட ஒரு சங்கின் உரு தெரிந்தது. இமயம் எழும்புவதற்கு முன்னே இவ்விடத்தில் டெத்திஸ் என்னும் கடல் இருந்ததென்றும், சுமார் பதினைந்து கோடி ஆண்டுகளுக்கு முன் அதில் வாழ்ந்த அம்மோனைட் என்னும் பிராணியின் ஓடே இதுவென்றும் விளக்கினார். நான் என் பாட்டியின் பூஜையைப் பற்றி அவருக்குச் சொன்னேன். அவர் அந்தக் கல்லின் இரு பாதிகளையும் சேர்த்துப் பொருத்தி, இரு கைகளாலும் ஆற்றில் மறுபடி வைத்துவிட்டார்.

மார்ஃபாவில், வெள்ளையடித்த சுவர்களும், கூரைமேல் அடுக்கிய விறகுமாக இருந்த தெருவில், பிக்ஷு தங்கிய வீட்டை ஆசிரியருக்குக் காட்டினார்கள். அவர் அங்கேயே சில நாள் இருக்க விரும்பினார். அன்றிரவு தக்காலி இனத்தார் வீடொன்றின் சமையலறையில், தேய்த்துத் துலக்கிய செம்புப் பாத்திரங்கள் வரிசையாக மின்ன, மேசைக்கடியில் கரி நெருப்பு வைத்து, முழங்காலுக்குமேல் கம்பளியை இழுத்துப் போர்த்துக்கொண்டு, மூவரும் கடைசி ஊறுகாயைப் பங்கிட்டுச் சாப்பிட்டோம். நானும் அம்மையாரும் தாதோபானி, கோரேபானி வழியாகப் பொக்கரா வந்து பிரிந்தோம்.

ஊர் திரும்பிய மறுவாரமே அடையாறு நூலகத்துக்குப் போய் அந்த நூலைக் கேட்டு வாங்கிப் படித்தேன். அதன் முதற்பக்கத்தை என் கையால் பிரதிசெய்து ஆசிரியருக்கு அனுப்பினேன். அதற்குப் பிறகு வருஷப் பிறப்புதோறும் அவரிடமிருந்து, தூரிகையால் எழுதிய ஓர் அட்டை வந்துகொண்டிருந்தது. ஒரு வருஷம் அவருடைய மகள் எழுதிய கடிதம் வந்தது. டச்சு அம்மையாரோடு இன்றும் பேசுகிறேன். ஓய்வு பெற்றுவிட்டார், தம் தோட்டத்தில் கறிவேப்பிலை வளர்க்கமுடியவில்லை என்பது அவருடைய நிரந்தர வருத்தம்.

அந்தப் பாதை இப்போது எவ்வளவோ மாறிவிட்டது. பெசிசஹரிலிருந்து மனாங் வரையிலும், அப்புறத்தில் முக்திநாத் வரையிலும் வண்டிப் பாதை போட்டுவிட்டார்கள். நியூசிலாந்து அரசின் உதவியோடு கிராமங்களில் சுத்தமான குடிநீர் நிலையங்கள் ஏற்பட்டபின், அயோடின் சீசாவுக்கு அவசியம் குறைந்துவிட்டது. விடுதி அறைகளில் மின்விளக்கும் வெந்நீரும் வந்துவிட்டன. இரவில் அவரவர் அறையில் அவரவர் போனோடு இருக்கிறார்கள் என்று கேள்வி. எனக்கு இதில் வருத்தம் உண்டு. அதை மறைக்கமாட்டேன். எனினும், பிரசவ வேதனையில் இருக்கும் பெண்ணைக் கூடையில் வைத்து நாட்கணக்காகச் சுமந்து இறங்கவேண்டியிருந்த ஜனங்களுக்கு, என்னைப் போன்றவர்களின் நடைசுகத்துக்காகச் சாலை வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன பாத்தியதை இருக்கிறது?

2014 அக்டோபரில், அந்தமான் கடற்பகுதியில் பிறந்து விசாகப்பட்டினத்தைத் தாக்கிய ஹுத்ஹுத் புயல், இரண்டே நாளில் வடக்கே ஏறி, தோரோங் கணவாயிலும் சுற்றுவட்டாரத்திலும் பெரும்பனியாகக் கொட்டி, நாற்பதுக்கும் மேற்பட்டோரின் உயிரை வாங்கியபோது, சென்னையில் என் வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சியின் எதிரில் நான் அமர்ந்திருந்த நிலையை என் குடும்பத்தார் அறிவார்கள். மாண்டவர்களில் வழிகாட்டிகளும் இருந்தார்கள். நாங்கள் மனாங்கில் கொண்டுபோய்ச் சேர்த்த அந்தச் சுமையாள் பையனின் குரலைப் போனில் கேட்கும்வரை எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அவன் இப்போது பையன் அல்ல. தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. தன் முதுகில் கூடையைச் சுமந்து நடந்த அதே பாதையில் சொந்தமாக ஜீப் ஓட்டுகிறான். ஒரே நாளில் எண்ணூறு மீட்டர் உயரத்திலிருந்து மூவாயிரத்து ஐந்நூறு மீட்டருக்கு வண்டியில் போய் இறங்குகிறவர்களுக்குத்தான் இப்போது மலைநோய் அதிகம் வருகிறதென்று சொல்கிறான். ஆகையால் தன் வண்டியில் ஏறுகிறவர்களிடம், வழியில் சாமேயில் ஓர் இரவு தங்கச் சம்மதித்தால்தான் மேலே ஓட்டுவேன் என்று கறாராகப் பேசிவிடுகிறானாம். இதனால் சில சவாரிகள் போய்விடுகின்றன. போனால் போகட்டும் என்கிறான். சாலையின் புழுதி படாமல், நதியின் மறுகரையில், நடந்து போகிறவர்களுக்காகச் சிவப்பும் வெள்ளையுமாக அடையாளம் இட்ட ஒற்றையடிப் பாதைகள் இருப்பதையும் அவன்தான் எனக்குத் தெரிவித்தான்.

நேற்று அவனுக்குப் போன் செய்து, இவ்வருஷம் தசைன் பண்டிகை கழிந்ததும் என் மனைவியோடு வருவதாகச் சொன்னேன். என் முழங்காலைப் பற்றி விசாரித்தான். டாக்டரிடம் காட்டிக்கொண்டு வரவேண்டும் என்றான். 'தாஜு, மனாங்கில் இரண்டு இரவு தங்கியே தீரவேண்டும். அண்ணியும் நீங்களும் மூன்று மணி வகுப்புக்குப் போகாமல் உங்களை நான் மேலே விடமாட்டேன்' என்று சொல்லிவிட்டு, மேலே ஏற்றத்தில் எதிர்வண்டி வருகிறதென்று போனை வைத்துவிட்டான்.